திருகோணமலையில் கூடாரம் போடப் போகிறீர்களா? அடிவிரிப்பை முதலில் சரியாக்குங்கள்

திருகோணமலையில் கூடாரம் கிடைப்பது இப்போது பெரிய காரியமில்லை. கொழும்புக் கடைகளில் இருக்கிறது, இணையத்தில் வாங்கலாம், கனடாவிலிருந்து வரும் மாமாவின் பெட்டிக்குள்ளும் வருகிறது. ஆனால் அந்தக் கூடாரத்துக்கு அடியில் எதை விரிப்பது என்று கேட்டுப் பாருங்கள், கடைக்கொரு பதில் கிடைக்கும். ஒருவர் லொறிப் படங்கை எடுத்துக் காட்டுவார். அடுத்தவர், "பெரிதாக வாங்குங்கள் தம்பி, நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால்தான் ஈரம் வராது" என்பார். மூன்றாமவர், அப்படியொன்று தேவையே இல்லை என்று அனுப்பிவிடுவார். இந்தப் பதில்களுக்கு நடுவே அலைந்து, நனைந்த படுக்கைகளை வெயிலில் காயப்போட்டுத்தான் எங்கள் குழுவுக்குத் தெளிவு வந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த அலைச்சல் இல்லாமல் நேரே காரியத்துக்குப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அடிவிரிப்பின் முதல் வேலை தண்ணீரைத் தடுப்பதல்ல. கூடாரத்தின் தரை தேயாமலும் குத்துப்படாமலும் காப்பதுதான் அதன் வேலை. தண்ணீரைத் தடுப்பது கூடாரத் தரையின் பொறுப்பு. அந்தத் தரையில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது அடிவிரிப்பின் பொறுப்பு. கூடாரத்தை விட்டு வெளியே ஒரு விரல் அகலம் எட்டிப் பார்த்தாலும் அடிவிரிப்பு உங்களுக்கு எதிராக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

1. உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள்

கூடாரத்தின் தரைத் துணியை விரல்களுக்கிடையில் பிடித்துப் பாருங்கள். தடித்த, தார்ப்பாய் போன்ற தரை உள்ள பழைய பாணிக் குடும்பக் கூடாரமென்றால், நிலாவெளியின் சுத்தமான மணலில் ஓர் இரவுக்கு அடிவிரிப்பு இல்லாமலே சமாளிக்கலாம். முதுகில் சுமந்து போகும் மெல்லிய நைலோன் அல்லது பொலியெஸ்டர் கூடாரமென்றால் கட்டாயம் வேண்டும். அதன் தரையில் நீரைத் தாங்குவது துணிக்குப் பூசியிருக்கும் மெல்லிய பொலியூரதேன் படலம்தான். அது தேய்ந்தால் துணி வெறும் துணிதான்.

எங்கள் பக்கத்துக் கரைகளில் அந்தப் படலத்தைத் தின்னக்கூடியவை நிறைய உண்டு. இறக்கக்கண்டிப் பக்கம் உடைந்த பவளத் துண்டுகளும் சிப்பியும் மணலோடு கலந்து கிடக்கும். மணல்மேடுகளில் இராவணன் மீசைப் புல்லின் ஊசி நுனிகள். மரநிழல் தேடிச் சவுக்கங்காட்டுக்குள் போனால் காலைக் குத்தும் சிறு காய்கள். பனைகளுக்குக் கீழே கருக்கு மட்டைத் துண்டுகள். கரையை விட்டு உள்ளே வந்தால் நெருஞ்சி. நெருஞ்சி முள் மெல்லிய துணியைத் துளைத்துப் படுக்கை வரை வரும். ஊதிப் படுக்கும் மெத்தை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இன்னொரு எதிர்பார்ப்பையும் விட்டுவிடுங்கள். அடிவிரிப்பு குளிரைத் தடுக்காது. அதற்குப் படுக்கைக்குக் கீழே விரிக்கும் தடித்த பாய் வேண்டும். மலைநாட்டில் அது பெரிய விடயம், திருகோணமலையில் கவலையே இல்லை.

2. இடத்தையும் அனுமதியையும் முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போகவேண்டும்

எந்த நிலத்தில் படுக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் எதை விரிப்பதென்று முடிவெடுக்க முடியாது. அதனால் இது முன்னால் வருகிறது.

புறாத்தீவு தேசியப் பூங்கா. நிலாவெளியிலிருந்து படகில் போய்ப் பகலிலேயே திரும்பவேண்டும். அங்கே இரவு தங்கக் கூடாரம் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மார்பிள் பீச் விமானப்படையின் நிர்வாகத்தில் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அங்கே எதுவும் இல்லை. காட்டுப் பக்கமென்றால் அது வனப் பரிபாலனத் திணைக்களத்தின் நிலமா, வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலமா என்று கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காடு என்றால் யானையும் உண்டு என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

புதியவர்களுக்கு என் யோசனை, உப்புவெளியிலோ நிலாவெளியிலோ விருந்தினர் விடுதி ஒன்றின் வளவுக்குள் கூடாரம் போட இடம் கேளுங்கள். தண்ணீர், கழிவறை, இரவில் ஓர் ஆள் சத்தம், மூன்றும் கிடைக்கும். தேசிய அடையாள அட்டையும் அதன் இரண்டு பிரதிகளும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அடையாளப் பக்கம், விசாப் பக்கம் இரண்டுக்கும் பிரதி எடுங்கள். கட்டணத்தைப் பேசும்போது ஆளுக்கா கூடாரத்துக்கா என்று முதலிலேயே கேளுங்கள். பிறகு வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது.

திறந்த கடற்கரையென்றால் கிராம அலுவலரிடமும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலும் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், எந்த இரவு என்று எழுதிக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அருகில் கடற்படை முகாம் இருந்தால் அங்கேயும். இதற்கு வேலைநாளில் அரைநாள் ஒதுக்குங்கள். கிராம அலுவலர் வெளிவேலைக்குப் போகும் நாட்களும் உண்டு, அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டறிந்து போவது நல்லது.

எழுத்தில் இல்லாத அனுமதியொன்றும் உண்டு. கரைவலை இழுக்கும் பாட்டுக்குள், அதாவது மீனவர்கள் வலையைக் கரைக்கு இழுத்தேற்றும் பகுதிக்குள், கூடாரம் போடாதீர்கள். பார்ப்பதற்கு வெறும் மணலாகத் தெரியும். விடியும் முன்னே கயிறு பிடித்த ஆட்கள் அந்த வழியாகத்தான் பின்னோக்கி நடந்து வருவார்கள். வாடியில், அதாவது மீனவர் கொட்டிலில், இருக்கும் பெரியவரிடம், "ஐயா, நாளைக்கு வலை இழுக்கிறீர்களா, நாங்கள் எந்தப் பக்கம் போடலாம்?" என்று கேட்டால், இடமும் காட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்றும் சொல்லித்தருவார்.

3. கூடாரத்தின் தரையை நீங்களே அளவெடுங்கள்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பி வெட்டவேண்டாம். அது பல வேளைகளில் மழைக்காகக் கூடாரத்தின் மேலே போர்த்தும் மேல்விரிப்பையும் வாசல் கூரையையும் சேர்த்த அளவு. முற்றத்திலோ மொட்டை மாடியிலோ கூடாரத்தை முழுக்க விரித்து, முளையடித்தது போல் நாலு மூலையையும் இழுத்து வைத்து, தரைத் துணி நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து இடம்வரை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். தலைப்பக்கம் அகன்றும் கால்பக்கம் ஒடுங்கியும் இருக்கும் கூடாரங்கள் உண்டு. அதனால் இரண்டு ஓரத்தையும் தனித்தனியே அளவெடுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள்.

இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் 5 சென்ரிமீற்றர் கழியுங்கள். 210க்கு 140 சென்ரிமீற்றர் தரையென்றால், அடிவிரிப்பு 200க்கு 130.

ஏன் கழிக்கவேண்டும்? மேல்விரிப்பில் விழும் மழை வழிந்து அதன் ஓரத்தில் சொட்டும். அந்தச் சொட்டு நிலத்தில் விழுந்தால் மணல் குடித்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் விரிப்பில் விழுந்தால் போக வழியில்லாமல், சரிவு இருக்கும் பக்கம், அதாவது உங்கள் முதுகுக்குக் கீழே ஓடும். அங்கே விரிப்புக்கும் தரைத் துணிக்கும் நடுவே குளமாகத் தங்கும். அதன்மேல் நீங்கள் முழங்காலை ஊன்றும்போது, உடம்பின் பாரம் முழுவதும் அந்தச் சிறு இடத்தில் இறங்கி நீரைத் துணிக்குள் அழுத்தும். ஓட்டை எதுவுமே இல்லாத புதுக் கூடாரம் உள்ளே நனைவது இப்படித்தான். ஆட்கள் கூடாரத்தைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள், குறை விரிப்பின் ஓரத்தில் இருக்கிறது.

4. எதை விரிப்பது

விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். அதனால் மலிவிலிருந்து மேலே போகும் வரிசையில் சொல்கிறேன். பாரத்தை 200க்கு 130 அளவுக்குக் கணக்கிட்டிருக்கிறேன், அதாவது 2.6 சதுர மீற்றர்.

பழைய விளம்பரப் பதாகை. கோயில் திருவிழாவும் தேர்தலும் முடிந்த பிறகு அச்சகங்களிலும் சங்கங்களிலும் சும்மா கிடக்கும் பிளெக்ஸ் பதாகைகள் நல்ல அடிவிரிப்பு. நீர் புகாது, வழுவழுப்பானது, முள்ளுக்கும் தாங்கும். பாரம்தான் குறை, ஒரு கிலோவை நெருங்கும் அல்லது தாண்டும். வாகனத்தில் போகிறவர்களுக்கு இதைவிட வேறெதுவும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். கேட்டு வாங்குங்கள், தொங்குவதைக் கழற்றாதீர்கள்.

பொலித்தீன். வீடு கட்டும்போது கொங்கிறீற்றுக்கு அடியில் போடுவார்களே, அந்தக் கறுப்புச் சுருள். தடிப்பைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். 1000 கேஜ் என்பது 250 மைக்ரோன், அதாவது கால் மில்லிமீற்றர். 500 கேஜ் அதில் பாதி. 1000 கேஜில் நமது அளவு ஏறத்தாழ 600 கிராம் வரும், 500 கேஜில் 300 கிராம். கடற்கரை மணலுக்கு 500 போதும். கருக்கு மட்டையும் முள்ளும் உள்ள நிலத்துக்கு 1000 வேண்டும். குறை என்னவென்றால், வழுக்கும், மடிப்பில் வெயில் பட்டுப் பட்டு வெடிக்கும். ஒரு பருவத்துக்குப் பிறகு மாற்றும் எண்ணத்தோடு வாங்குங்கள்.

பின்னல் தறப்பாள். நீலம், பச்சை, செம்மஞ்சள் நிறங்களில் கடை வாசலில் தொங்குவது. பிளாஸ்டிக் நாடாவைப் பின்னி இருபக்கமும் மென்படலம் ஒட்டியிருப்பார்கள். கிழிசல் பரவாது என்பது இதன் பெரிய பலம். மடித்து மடித்துத் தேய்ந்தால் பின்னல் மேடுகளில் ஊசித்துளைகள் விழும், ஆனால் அடிவிரிப்புக்கு அது பெரிய குறையல்ல என்று இப்போது உங்களுக்கே தெரியும். இரவில் திரும்பிப் படுத்தால் சரசரக்கும். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில் வாழ்ந்த எங்கள் ஊர்ப் பெண்களிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். எந்தத் தறப்பாள் எத்தனை மழை தாங்கும் என்பதில் அவர்களை மிஞ்சிய நிபுணர்கள் இல்லை.

டைவெக். வெளிநாடுகளில் மரவீட்டுச் சுவருக்குள் போர்த்தும் தாள் போன்ற பொருள். சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 60 கிராம்தான், நமது அளவு 160 கிராமுக்குள் அடங்கும். கிழிப்பது கடினம். புதிதில் மொடமொடவென்று இருக்கும், சவர்க்காரம் போடாமல் குளிர்நீரில் ஒருமுறை அலசினால் மெத்தென்று ஆகிவிடும். உறவினர் யாராவது வரும்போது சொல்லியனுப்பக்கூடிய பொருள்.

கூடார நிறுவனமே விற்கும் அளவெடுத்த விரிப்பு. மூலைகளில் வளையம் இருக்கும், கூடாரக் கம்பியின் நுனி அதற்குள் போய் நிற்கும். அழகாகப் பொருந்தும், விலையும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் கூடாரத்தின் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். எத்தனை பேருக்கானது, எந்த ஆண்டு வெளிவந்தது என்பதையும் எழுதி, பையின் உள்பக்கச் சீட்டையும் படமெடுத்து அனுப்புங்கள். ஒரே பெயரில் அளவு மாறிய கூடாரங்கள் உண்டு. பொதியாக வந்தால் சுங்கத்தில் பெறுமதியைக் கேட்பார்கள், வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதி கையில் இருக்கவேண்டும். சில வாரங்கள் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். கூடாரத்தின் விலையில் பத்திலொன்றுக்கு மேல் அடிவிரிப்புக்குச் செலவிடவேண்டாம் என்பது என் கணக்கு. மிச்சத்தை நல்ல முளைகளுக்கும் கயிற்றுக்கும் போடுங்கள்.

லொறிப் படங்கை விட்டுவிடுங்கள். அது நெல்மூடைக்கும் உப்புமூடைக்கும் உரியது. நனைந்தால் ஓர் ஆள் தூக்க முடியாது, காய இரண்டு நாள் எடுக்கும். படுக்கும் பாய், கட்டில் விரிப்பு, சணல் சாக்கு, இவையும் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கூடாரத் தரையில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும்.

5. கடையில் கவனிக்கவேண்டியவை

மத்திய வீதி, பிரதான வீதிப் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளிலும் மீன்பிடி உபகரணக் கடைகளிலும் பொலித்தீன், தறப்பாள், நைலோன் கயிறு எல்லாம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிறையும் போயா தினத்தையும் நம்பி வரவேண்டாம். காலை பத்து மணிக்கு முன் போனால் கடைக்காரருக்குச் சுருளை விரித்துக் காட்டப் பொறுமை இருக்கும்.

பொலித்தீன் சுருள் மடித்துச் சுற்றப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரிவது மடித்த அகலம். "விரித்தால் எத்தனை அடி?" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தேவைக்கு இரண்டு மடங்கு நீளம் வெட்டி வாங்கி வருவீர்கள். யார்க் கணக்கா மீற்றர்க் கணக்கா என்பதையும் வெட்டும் முன் தெளிவாக்குங்கள், ஒரு யார் 91 சென்ரிமீற்றர்தான். கேஜைச் சொல்வதோடு நிற்காமல் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், இரண்டு தடிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை சொல்லிவிடும்.

தறப்பாளின் உறையில் 6க்கு 9 அடி என்றிருந்தால் அது ஓரம் மடிக்கும் முன் இருந்த அளவு. தைத்து முடித்தபின் சில அங்குலம் குறைந்திருக்கும். நமக்கு 6க்கு 9 எப்படியும் பெரிது, வெட்டத்தான் போகிறோம். ஆனால் பெரிய கூடாரம் வைத்திருப்பவர்கள் விரித்து அளந்து வாங்குங்கள்.

பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கூடாரத்தின் உத்தரவாத அட்டையையும் அதோடு சேர்த்து வையுங்கள். தேய்மானமும் குத்துக்கிழிசலும் பொதுவாக உத்தரவாதத்துக்குள் வராது. தையல் பிரிவது வரும்.

6. வெட்டுவதும் மூலை கட்டுவதும்

இதை வீட்டில் செய்யுங்கள், புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது. விரிப்பை நிலத்தில் போட்டு, அதன்மேல் கூடாரத் தரையை விரித்து, வெளிக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் கீறி, அதற்கு 5 சென்ரிமீற்றர் உள்ளே வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள். கூரான மூலைதான் முதலில் கிழியும், மழையில் எட்டிப் பார்ப்பதும் அதுதான். தறப்பாளை வெட்டினால் ஓரம் நூல் பிரியும். அகலமான ஒட்டுநாடாவை ஓரத்தின் இருபக்கமும் மடித்து ஒட்டிவிடுங்கள். முச்சக்கர வண்டிக்குக் கூரை தைக்கும் குஷன் கடைக்காரர்களிடம் கொடுத்தால் மடித்துத் தைத்து வளையமும் அடித்துத் தருவார்கள், ஒரு பின்னேர வேலை.

வளையம் இல்லாமலும் மூலையைக் கட்டலாம், எனக்கு இதுதான் பிடித்த முறை. புளியங்கொட்டை அளவு வழுவழுப்பான கூழாங்கல்லை மூலையிலிருந்து நாலு விரல் உள்ளே விரிப்பின் கீழ்ப்பக்கம் வையுங்கள். விரிப்போடு சேர்த்துக் கல்லைப் பிடித்து, அதன் கழுத்தில் மெல்லிய நைலோன் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடியுங்கள். கல் குமிழ்போல் நிற்கும், கயிறு வழுவாது, விரிப்பில் ஓட்டையும் இல்லை. கயிற்றின் மறுநுனியில் ஒரு கண்ணி போட்டுக் கூடார முளையில் மாட்டினால் காற்றுக்கு விரிப்பு நகராது.

கடைசியாக, ஒரு பக்கத்தில் அழியாத மையால் "மேல்" என்று பெரிதாக எழுதுங்கள். எப்போதும் அதே பக்கம் மேலே இருக்கவேண்டும். சென்ற முறை நிலத்தைத் தொட்ட பக்கத்தை இம்முறை மேலே போட்டால், ஒட்டியிருக்கும் மணல் இரவு முழுவதும் கூடாரத் தரையை அரம்போல் தேய்க்கும். காக்க வாங்கிய பொருளே தேய்த்து முடித்துவிடும்.

7. இடத்தில் விரிப்பது

வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேருங்கள், சூரியன் மறைய இரண்டு மணிநேரம் மிச்சமிருப்பது நல்லது. கடற்கரையில் பாசியும் குப்பையும் ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே இடம் பிடியுங்கள். களப்போரத் தாழ்நிலம் மேலே காய்ந்து தெரிந்தாலும் ஒரு சாண் கிளறினால் ஈரம் இருக்கும், அதைத் தவிருங்கள்.

இடத்தைத் தெரிந்த பின் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, உள்ளங்கையால் முழு இடத்தையும் தடவுங்கள். கண் காணாததைக் கை காணும். சவுக்கங்காய், சிப்பி, மட்டைத் துண்டு, போத்தல் ஓடு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கல்லடியில் கை விடும் முன் தடியால் புரட்டுங்கள், தேளும் மட்டத்தேளும் அங்கேதான் இருக்கும். எறும்பு வரிசையோ கறையான் புற்றோ அருகில் தெரிந்தால் பத்தடி தள்ளிப் போங்கள். அடம்பன் கொடியைப் பிடுங்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கொடியில்லாத இடம் எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி, வறண்டு வீசும். மெல்லிய பொலித்தீனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகக்கூடிய காற்று. அதனால் காற்று வரும் பக்கத்து இரண்டு மூலையிலும் முதலில் மணல் அள்ளிப் பாரம் வையுங்கள், பிறகு மற்றப் பக்கத்தை உருட்டி விரியுங்கள். "மேல்" மேலே இருக்கிறதா? விரித்ததும் சுருக்கங்களை இழுத்து நீக்கி, மேலே ஏறிய மணலைக் கைத்துணியால் தட்டிவிட்டு, அதன்மேல் கூடாரத்தை வையுங்கள். வாசல் காற்று வராத பக்கம் பார்க்கட்டும்.

சாதாரணக் கம்பிமுளை கடற்கரை மணலில் நிற்காது. வெற்று உரப்பைகளில் மணல் நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். இது அடிவிரிப்பு வேலை இல்லைதான், ஆனால் கூடாரம் நகர்ந்தால் விரிப்பு வெளியே வந்துவிடும்.

கூடாரம் நின்றபின் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து நாலு பக்கமும் பாருங்கள். விரிப்பின் நிறம் எங்காவது தெரிகிறதா? தெரிந்தால் உள்நோக்கி, நிலத்தைப் பார்த்த பக்கமாக மடித்துத் தள்ளுங்கள். மேல்நோக்கி மடித்தால் அது ஒரு வாய்க்கால் ஆகிவிடும். சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கத்து ஓரத்தை ஒரு சாண் கூடுதலாக உள்ளே மடியுங்கள்.

கன்னியா, கந்தளாய்ப் பக்கத்துக் கட்டாந்தரையில் இந்தப் பரிசோதனை கடற்கரையை விட முக்கியம். மணல் மழையைக் குடிக்கும். இறுகிய மண் குடிக்காது, தண்ணீர் தரைமேல் படலமாக ஓடி வரும். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். காட்டு நிலத்திலும் பிறர் வளவிலும் அதைச் செய்யாதீர்கள், மண் அரிபட்டுப் போகும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி மேட்டில் இடம் தேடுவது அதைவிட எளிது.

நுளம்புச் சுருளைக் கூடாரத்துக்குள்ளோ விரிப்பின் மேலோ கொளுத்தவேண்டாம். பொலித்தீன் உருகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும், தீயும் பிடிக்கும். கூடார வலையை இழுத்து மூடினால் நுளம்பு வராது.

8. மழைக்காலத்தில் முறையை மாற்றுங்கள்

புதியவர்கள் மே முதல் செப்டெம்பர் வரை போங்கள். ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கும், நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் போயே ஆகவேண்டுமென்றால் இரண்டாவது விரிப்பொன்றைக் கூடாரத்துக்கு உள்ளே போடுங்கள். இது மட்டும் தரையை விடப் பெரிதாக இருக்கவேண்டும், ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் சுவரில் ஏறி நிற்கவேண்டும். கீழிருந்து கசிந்தால் தண்ணீர் இந்த விரிப்புக்கு அடியிலேயே நின்றுவிடும், படுக்கை தப்பும். 500 கேஜ் பொலித்தீன் போதும்.

காலையில் விரிப்பின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தால் பதற்றம் வேண்டாம். நிலத்தின் ஈரம் ஆவியாகி விரிப்பில் தடைப்பட்டு நீராகியிருக்கிறது, அது கசிவல்ல. விரிப்புக்கும் கூடாரத் தரைக்கும் நடுவில் தண்ணீர் நின்றால்தான் எங்கோ ஓரம் வெளியே வந்திருக்கிறது. இரவில் அப்படிக் கண்டால், ஒருவர் கூடாரத்தின் ஒரு பக்கத்தை உயர்த்திப் பிடிக்க மற்றவர் விரிப்பை முழுக்க உருவி வெளியே எடுத்துவிடுங்கள். குளத்தின் மேல் படுப்பதை விட ஈரமணலின் மேல் படுப்பது நல்லது.

புறப்படும் முன் வீட்டிலேயே சோதிக்க விரும்பினால், முற்றத்தில் எல்லாவற்றையும் போட்டு மேல்விரிப்பின் உச்சியில் இரண்டு மூன்று வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஓரத்தில் சொட்டும் இடத்தைப் பாருங்கள். அந்தச் சொட்டுக்கும் விரிப்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் உங்கள் அளவு சரி.

9. கழற்றி வந்த பின்

கூடாரத்தை முதலில் சுருட்டுங்கள், விரிப்பை அதன்பிறகு. இரண்டையும் ஒரே பைக்குள் திணிக்கவேண்டாம். மணலும் ஈரமும் விரிப்பில்தான் இருக்கும், அதைத் தனியாக மடித்துப் பையின் வெளிப்பக்கம் கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரில் இரண்டையும் அலசுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், காய்ந்தது போல் தெரிந்தாலும் மறுநாள் பிசுபிசுக்கும். பிறகு நிழலில், காற்றோட்டமாக, கொடியில் போட்டு இரண்டு பக்கமும் காயவிடுங்கள். கடும் வெயிலில் போட்டால் பொலித்தீனும் நைலோனும் விரைவில் நொய்ந்துபோகும். ஈரத்தோடு மடித்து எங்கள் ஊர்ச் சூட்டில் அலுமாரிக்குள் வைத்தால் கூடாரத்தின் பொலியூரதேன் பூச்சு ஒட்டும் பதத்துக்கு வந்து செதில் செதிலாக உரியும், நாற்றமும் வரும். அதற்குத் திருத்தம் கிடையாது. பருத்தித் துணிப்பையில் தளர்வாகப் போட்டு, எலி போகாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

சிறு துளைகளுக்கு இருபக்கமும் ஒட்டுநாடா போதும். உள்ளங்கையை விடப் பெரிய கிழிசல் என்றால் விரிப்பை மாற்றுங்கள். பழையதைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள், எரிக்கவும் வேண்டாம். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்கள் பொலித்தீனை மென்று விழுங்குவதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கிழியாத பகுதியை இரண்டடிச் சதுரமாக வெட்டி வைத்தால், அடுத்த முறை கூடார வாசலில் செருப்பு வைக்க உதவும். உள்ளே வரும் மணலில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.